இண்டர்வெல்லை யாரும் பிடுங்க வேண்டாம்

பெருநகர சென்னை மாநகராட்சியின் கல்வித் துறை அதிகாரிகளுக்கும், வட சென்னையின் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும், தனியார் நர்சரி, மெட்ரிக் பள்ளித் தாளாளர்களுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளின் இண்டர்வெல்லைத் தண்டனையாகவோ, பாடம் முடியவில்லை என்றோ யாரும் பிடுங்கக் கூடாது என எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். கழிவறைக்கும் தண்ணீருக்கும் ஆகிற நேரம் போக, ஓடியாட மட்டும் தினமும் 20 நிமிடமாவது வேண்டும். அந்த 20 நிமிடம் பெண் பிள்ளைக்கும், காலில் பெல்ட் கட்டிய பிள்ளைக்கும், எழுத்து மெதுவாக வருகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான். கேட்பது இவ்வளவுதான். மீதி மடல் ஏன் கேட்கிறேன் என்பதற்காக.

நான் தண்டையார்பேட்டைக்காரி. துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் பில் போடுகிற வேலை. மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருக்கிறேன். அந்தக் குழுவில் கழிவறைக் குழாய், சத்துணவு அரிசி, சுற்றுச்சுவர் எல்லாம் பேசியிருக்கிறோம். இண்டர்வெல்லைப் பற்றி யாரும் வாயே திறந்ததில்லை, நான் உட்பட. யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பதினோரு மணிக்கு டீ வரும். முந்தின நாள் ஒரு இன்வாய்ஸில் தப்பு போட்டவர் இன்றைக்கு டீ குடிக்கக் கூடாது என்று எந்த மேலாளரும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, அதற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. வளர்ந்த ஆளுக்கு அது உரிமை. ஏழு வயதுப் பிள்ளைக்கு மட்டும் அது டீச்சர் மனசு வைத்தால் கிடைக்கிற சலுகை.

எப்படியெல்லாம் போகிறது என்று சொல்கிறேன். பெரும்பாலான பள்ளிகளில் காலையில் பத்து நிமிடம், மதியத்துக்கு மேல் பத்து நிமிடம் பெல் அடிக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் முதலில் கழிவறை வரிசை. பெண் பிள்ளைகளுக்கு வரிசை நீளம், அதனால் அவர்களுக்கு மிச்சம் குறைவு. அப்புறம் தண்ணீர். அப்புறம், எழுதி முடிக்காதவர்கள் உள்ளேயே இருக்க வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் இருக்க வேண்டும். பேசியவர்கள் இருக்க வேண்டும். சில சமயம் ஒருவன் பேசினதற்கு மொத்த வகுப்பும் வாயில் விரல் வைத்து உட்கார வேண்டும். பரீட்சை நெருங்கினால் பெல் அடிப்பது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். விளையாட்டு பீரியடைக் கணக்குக்குக் கடன் வாங்குவதைப் பற்றி மேடையிலாவது பேசுகிறார்கள். இண்டர்வெல்லுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

தினமும் உள்ளே நிற்கிற பிள்ளை யார் என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முக்கால்வாசி அதே முகங்கள்தான். கரும்பலகையில் இருப்பதை மற்றவர்கள் எழுதி முடிக்கும்போது பாதியில் இருக்கிற பிள்ளை. உட்கார்ந்த இடத்தில் நெளிகிற பிள்ளை. வீட்டில் வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளை. அப்பா விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருப்பார், அம்மா நாலு வீட்டு வேலைக்குப் போயிருப்பார். ஓடினால்தான் உடம்பு அடங்கும் என்கிற பிள்ளையை ஓட விடாமல் வைத்துவிட்டு, அடுத்த பீரியடில் ஏன்டா நெளிகிறாய் என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

என் அக்கா மகன் ஒரு தனியார் பள்ளியில் யுகேஜி. மூன்று மாடிக் கட்டடம், கீழ்த்தளத்தில் வேன்கள். பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை, அந்த ஒன்றைச் சொல்லிப் பயனில்லை. அங்கே இண்டர்வெல் என்றால் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறப்பது, அவ்வளவுதான். காலை வேனில் ஏறியதிலிருந்து மாலை வேனிலிருந்து இறங்கும்வரை அவன் கால் மண்ணில் படுவதில்லை. அக்கா கேட்டபோது, "ஓட விட்டா விழுந்துடுவாங்கம்மா, அப்புறம் நீங்கதான் வந்து சண்டை போடுவீங்க" என்றார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

பள்ளிக்கு வெளியே விளையாடிக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். தி.நகரிலோ அண்ணாநகரிலோ இருந்து கேட்டால் சரி. எங்கள் பக்கத்தைப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கிற சாலையோரத்தில் எந்தத் தாய் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்புவாள்? கொருக்குப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் ஒற்றை அறை வீடுகளில் பாய் விரித்தால் நடக்க இடமில்லை. குடியிருப்பு வாரிய அடுக்குமாடிகளில் படிக்கட்டுதான் விளையாட்டு மைதானம். டர்ஃப் என்று புதிதாக வந்திருக்கிறது, மணிக்கணக்கில் காசு. பெண் பிள்ளையாக இருந்தால் பள்ளி விட்டதும் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் டியூஷன். அப்படிப் பார்த்தால், வட சென்னையில் பல பிள்ளைகளுக்குச் சம வயதுப் பிள்ளைகளோடு, பயமில்லாத இடத்தில் ஓடி விளையாடக் கிடைக்கிற ஒரே நேரம் பள்ளி இண்டர்வெல்தான். வேறு வழியே இல்லாத பிள்ளைகளிடமிருந்துதான் அதையும் எடுக்கிறோம்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை என்பது படிக்கும்போது தெரிந்தது. 2009-இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் சுமார் 11,000 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். தினமும் 15 நிமிடத்துக்கு மேல் இடைவேளை கிடைத்த பிள்ளைகளின் வகுப்பு நடத்தைக்கு, இடைவேளை இல்லாத பிள்ளைகளைவிட நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது. மதிப்பெண் போட்டவர்கள் ஆசிரியர்களே. ஒரே ஆய்வை வைத்து, நடத்தைக்கு இடைவேளைதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, சரி. என்னை யோசிக்க வைத்தது அதே ஆய்வின் இன்னொரு பகுதி. இடைவேளை கிடைக்காத பிள்ளைகள் யார் என்று பார்த்தால், கறுப்பினப் பிள்ளைகள், ஏழைகள், பெருநகரத்தில் இருப்பவர்கள், அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. அமெரிக்காவை எடுத்துவிட்டு வியாசர்பாடி என்று போட்டாலும் பெரிதாக மாற்ற வேண்டியிருக்காது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. தண்டனைக்காகவோ படிப்புக்காகவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. உடற்கல்வி வகுப்பு இருக்கிறதே, இடைவேளை எதற்கு என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் உண்டு: ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. டிரில் பீரியடில் விசிலுக்குக் கை தூக்குகிறோம். இண்டர்வெல்லில் யார் முதலில் பிடிக்கிறது என்று சாட் பூட் த்ரீ போட்டு, அதில் ஒருவன் ஏமாற்றி, சண்டை வந்து, பேசித் தீர்த்து, மறுபடி ஆட்டம் தொடங்குகிறது. இதில் எதையும் பெரியவர்கள் நடத்துவதில்லை. கலிபோர்னியா மாநிலம் ஒரு படி மேலே போய், 2024-25 கல்வியாண்டிலிருந்து தொடக்கப் பள்ளிகளில் தினம் 30 நிமிட இடைவேளையைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. யாருக்காவது அடிபடும் ஆபத்து உடனே இருந்தால் தவிர, தண்டனையாக அதை நிறுத்தக் கூடாது. பின்லாந்தில் 45 நிமிடப் பாடம், 15 நிமிட இடைவேளை என்பது பழைய வழக்கம்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கண்ணாடி போட்ட சின்னப் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள், உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள், மீதியில் வழக்கம்போல. மூன்று வருடம் கழித்து, வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே போனவர்களில் 30.4 சதவீதம். 2015-இல் வெளிவந்த முடிவு இது. தைவானில் இன்னும் எளிதாகச் செய்தார்கள். ஒரு பள்ளியில் இடைவேளை நேரத்தில் வகுப்பறையைக் காலி செய்து எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள், பக்கத்துப் பள்ளியில் அனுப்பவில்லை. ஒரே வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வெளியே அனுப்பிய பள்ளியில் 8.41 சதவீதம், அனுப்பாத பள்ளியில் 17.65 சதவீதம். மருந்தில்லை, மாத்திரையில்லை, கதவைத் திறந்ததுதான் செலவு.

இனி உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். பாடம் முடியாது, நேரமில்லை என்பீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம். வகுத்தால் நாளைக்கு நான்கு மணி நேரம். பிள்ளைகள் பள்ளியில் இருப்பதோ ஆறு மணி நேரத்துக்கும் மேல். சாப்பாட்டு நேரத்தைக் கழித்தாலும் 20 நிமிடத்துக்கு அங்கே இடமுண்டு. அதே அட்டவணை விளையாட்டு மைதானமும் கேட்கிறது, ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்களும் கேட்கிறது. பந்து இருக்கிறது, பீரோவில். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று வெளியே வரும். (அதிகாரிகள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அடிக்கடி வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.)

ஆசிரியர்களின் சுமை உண்மையானது. ஐந்து வகுப்புக்கு இரண்டு, மூன்று பேர் இருக்கிற பள்ளியில், இண்டர்வெல்தான் டீச்சருக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். போதாததற்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கல்வித் திட்டத்தின் பதிவு, அதை ஆப்பில் ஏற்றுவது. அந்தச் சட்ட அட்டவணை ஆறாம் வகுப்புக்கு மேல்தான் உடற்கல்விக்குத் தனி ஆள் பேசுகிறது, அதுவும் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அதனால் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவர்கள் தலையில் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. முறை வைத்து ஒருவர் நிற்கலாம், மற்றவர்கள் உட்காரட்டும். கூட ஓர் ஆளுக்குப் பெற்றோர் வருகிறோம். எங்கள் பகுதியில் காலை பத்தரை மணிக்கு வீட்டில் இருக்கிற பாட்டிகளும் அத்தைகளும் ஏராளம். மேலாண்மைக் குழு பெயர்ப்பட்டியல் போட்டுக் கொடுத்தால், ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள் வந்து நிற்பார்கள்.

அடிபடுவதைப் பற்றி, நம் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. முட்டி சிராய்த்ததற்கு எச்.எம். அறையில் போய்க் கத்துகிறோம். சட்டை அழுக்கானதற்கு வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுகிறோம். அப்புறம் பள்ளிக்காரர்கள் கதவைச் சாத்தினால் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியுமா? பள்ளியில் ஒரு முதலுதவிப் பெட்டியும், சிமென்ட் உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற இடங்களைச் சரி செய்வதும் கேட்போம். சிராய்ப்பைப் பொறுத்துக்கொள்வோம்.

இடம் இல்லை என்பது பாதி உண்மை. மைதானமே இல்லாத பள்ளிகள் இருக்கின்றன. மைதானம் இருந்தும் அதில் உடைந்த பெஞ்சும், கட்டட வேலைக்கு இறக்கிய ஜல்லியும், வண்டிகளும் நிற்கிற பள்ளிகளும் இருக்கின்றன. வெள்ளத்துக்கு முகாம், தேர்தலுக்குச் சாவடி என்று எல்லாவற்றுக்கும் பள்ளிதான், அதற்குப் பிறகு அங்கே கிடப்பதை அள்ள ஆள் வருவதில்லை. முதலில் அதைக் காலி செய்தாலே கொஞ்சம் இடம் பிறக்கும். பிறகு, எல்லா வகுப்பையும் ஒரே நேரத்தில் விட வேண்டியதில்லை. உயர்நிலை வரை உள்ள வளாகங்களில் ஒரே பெல்லுக்கு எல்லாரும் இறங்கினால், எட்டாவது பையன்களின் கிரிக்கெட் பந்துக்குப் பயந்து ஒன்றாவது பிள்ளைகள் சுவரோரம் ஒண்டிக்கொள்கிறார்கள். ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தனி நேரம், மற்றவர்களுக்குத் தனி நேரம் என்று பிரித்தால் இருக்கிற இடமே போதும். சின்ன இடத்துக்கும் விளையாட்டு உண்டு. தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட ஒரு ரூபாய் ஆகாது. கல்லா மண்ணா விளையாட ஒரு திண்ணையும் நாலு படியும் போதும். ஏழாங்கல்லுக்கு உடைந்த ஓடு. கயிறு ஒன்று. ஓட விரும்பாத பிள்ளைக்கு ஒரு கேரம் போர்டு, அல்லது சும்மா மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுகிற உரிமை. அதுவும் அவர்கள் நேரம்தானே.

மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அதே மாநகராட்சியின் சொத்து. பள்ளிக்குப் பக்கத்திலேயே அப்படி ஒன்று இருந்தால், பகலில் காலியாகத்தான் கிடக்கும். பூங்காத் துறையும் கல்வித் துறையும் ஒரே ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு மாடி ஏறிப் போய்ப் பேசினால் முடிகிற காரியம்.

காற்று. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இதைத் தவிர்க்க முடியாது. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல் மின்நிலையம், இந்தப் பக்கம் கொடுங்கையூர்க் குப்பைமேடு. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து ஊரே நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடியது. இப்படிப்பட்ட இடத்தில் வெளியே விளையாட விடலாமா என்று கேட்டால், நெடி அடிக்கிற நாளில் விட வேண்டாம். ஆனால் வகுப்பறை ஜன்னல் வழியாக வருவதும் அதே காற்றுதான், ஏசி போட்ட அறையில் எங்கள் பிள்ளைகள் படிக்கவில்லை. காற்றைச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் அதைச் செய்யட்டும், அதற்கு ஈடாகப் பிள்ளைகளின் விளையாட்டை எடுத்துக்கொள்ள வேண்டாம். வெயிலுக்கும் அதே பதில்: ஜூனிலும் ஜூலையிலும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், வேம்பும் புங்கையும் வையுங்கள், அவை வளரும்வரை ஒரு பச்சை வலைப் பந்தல்.

புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியபோது எங்கள் பக்கம் தெருத்தெருவாகப் பேனர் வைத்தோம். வியாசர்பாடிக் கால்பந்தைப் பற்றிப் பத்திரிகைகள் வருடா வருடம் எழுதுகின்றன. எல்லாம் பெருமைதான். ஆனால் வட சென்னைப் பிள்ளை விளையாடினால் உடனே பதக்கம், ஸ்போர்ட்ஸ் கோட்டா, வேலை என்று கணக்குப் போடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. பந்தை ஒழுங்காகப் பிடிக்கவே வராத பிள்ளைக்காகவும் சேர்த்துத்தான் கேட்கிறேன். சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளையை, கீழே விழுந்துவிடும் என்று வகுப்பிலேயே விட்டுப் போகிறோம். ஒரு சாய்தளமும் கூடத் தள்ளிப்போக இரண்டு தோழர்களும் இருந்தால் அந்தப் பிள்ளையும் வெயிலைப் பார்க்கும். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் எல்லாக் குழந்தைக்கும் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியா அதில் சேர்ந்தது. நன்றாக விளையாடுகிற குழந்தைக்கு மட்டும் என்று அதில் இல்லை.

மாநகராட்சிக்கு ஒரு பழைய கதையை நினைவுபடுத்த ஆசை. 1920-இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தொடங்கினார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் ஒரு கல்லூரியே இருக்கிறது, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பதை அன்றைக்கு ஒரு நகரசபை முதலில் ஒப்புக்கொண்டது. பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது, 2022-இல் காலை உணவு வரைக்கும் வந்தது. இன்றைக்கு வீட்டுப்பாடம் எழுதவில்லை, அதனால் சாப்பாடு கிடையாது என்று எந்த ஆசிரியராவது சொன்னால் அடுத்த நாள் செய்தியாகிவிடும். இண்டர்வெல்லுக்கும் அந்தப் பாதுகாப்பைத்தான் கேட்கிறேன்.

அதிகாரிகளிடம் கேட்பது ஒரு பக்கச் சுற்றறிக்கை. இண்டர்வெல்லைத் தண்டனையாக நிறுத்தக் கூடாது, 20 நிமிடம் கால அட்டவணையில் தனியாகக் காட்டப்பட வேண்டும், சின்ன வகுப்புகளுக்குத் தனி நேரம், மைதானத்தில் பொருள்களைப் போட்டு வைக்கக் கூடாது. தனியார் பள்ளிகள் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். அதற்கு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) இருக்கிறார், இந்த மடலின் நகல் அவருக்கும் போகிறது. தாளாளர்களே, மைதானம் இல்லாவிட்டால் மொட்டை மாடிக்கு உயரமாகக் கம்பிவலை போடுங்கள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட வேன்களைப் பகலில் வெளியே நிறுத்தினாலும் போதும், அந்தக் கீழ்த்தளம் யுகேஜிக்குத் தாராளம்.

சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. எங்கள் பள்ளியின் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். மைதானத்து மூலையில் கிடக்கிற பழைய பெஞ்சுகளை அப்புறப்படுத்த மூன்று பெற்றோர் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டார்கள், ஒருவர் மீன்பாடி வண்டி தருகிறார். பெஞ்சுகள் அரசுச் சொத்து என்பதால் எடுத்துப் போக உங்கள் அனுமதிக் கடிதம் வேண்டுமாம். அதை மட்டும் சீக்கிரம் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெற்றோர் உறுப்பினர்